பழைய மோட்டார் சைக்கிளின் கிளச்சை மேம்படுத்துவது: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல் மீண்டும் திறந்தபோது வரியும் சேர்ந்து புதுப் பைக்கின் விலை பலருக்கு எட்டாமல் போனது. அதனால் ஹொண்டா சி.டி. 125, சி.ஜி. 125, சி.டி. 200, எம்.டி. 90, யமஹா ஆர்.எக்ஸ். 100, முதல் தலைமுறை பல்சர் எல்லாம் இன்னும் காலி வீதியில் வேலைக்குப் போய் வருகின்றன. அந்த வண்டிகளில் முதலில் களைத்துப்போவது பெரும்பாலும் கிளச்தான். வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரைக்கும் காலை நேரத்தில் ஒரு தடவை போய் வந்தாலே லீவரை எத்தனை முறை பிடிக்கிறோம் என்று கைக்குத் தெரியும்.

"நல்ல கிளச்சாக மாற்றலாமா" என்று நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் கேட்டவற்றுக்கான பதில்கள் கீழே இருக்கின்றன. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வண்டியின் கிளச்சில் செய்யக்கூடிய மிகப் பெரிய மேம்பாடு, அதைத் தொழிற்சாலை விட்டு வந்த அளவுகளுக்குத் திருப்பிக் கொண்டுபோவது. அதற்கு மேல் போக வேண்டிய தேவை மிகச் சிலருக்குத்தான் வரும். கீழே வரும் பெயர்கள் புதிதாக இருப்பவர்களுக்கு: கிளச்சின் உள்ளே உராய்வுப் பொருள் ஒட்டிய ஃபைபர் பிளேட்டுகளும் ஸ்டீல் பிளேட்டுகளும் மாறி மாறி அடுக்கியிருக்கும். ஸ்பிரிங்குகள் பிரஷர் பிளேட் வழியாக அந்த அடுக்கை அழுத்திப் பிடிக்கும், லீவரைப் பிடித்தால் அழுத்தம் விடும். அடுக்கைச் சுற்றியிருப்பது வெளிக்கூடு, நடுவில் இருப்பது ஹப்.

கிளச் வழுக்குகிறதா என்று எப்படி உறுதிப்படுத்துவது?

கடைசி கியரில் மணிக்கு 40 கிலோமீற்றர் அளவில் போய்க்கொண்டிருக்கும்போது த்ரொட்டிலை முழுதாகத் திருகுங்கள். எஞ்சினின் சத்தம் சட்டென்று ஏறி, வேகம் அதற்கேற்ற மாதிரி ஏறாவிட்டால் வழுக்குகிறது. முதல் கியரில் இது தெரியாது. முதல் கியரில் சில்லு எளிதாகச் சுழன்றுவிடும், கிளச்சுக்குச் சுமை குறைவு. கடைசி கியரில்தான் கிளச் தாங்க வேண்டிய முழுச் சுமையும் வரும். ஞாயிறு அதிகாலையில், வீதி காலியாக இருக்கும்போது செய்து பாருங்கள். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு செய்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

சந்தேகம் வந்தவுடன் கிளச்சை மூடியிருக்கும் எஞ்சின் கவரைக் கழற்ற வேண்டாம். முதலில் லீவரின் நுனியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே கொஞ்சம் தளர்வு இருக்க வேண்டும். சின்ன ஹொண்டாக்கள் பலவற்றுக்குக் கையேடு சொல்வது 10 முதல் 20 மில்லிமீற்றர். பிளேட் தேயத் தேய இந்தத் தளர்வு குறைந்துகொண்டே வரும். தளர்வே இல்லாமல் போனால், நீங்கள் லீவரைத் தொடாதபோதும் கேபிள் கிளச்சைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். வழுக்குகிறது என்று வருகிற வண்டிகளில் ஒரு பங்கு, கேபிளின் நட்டைத் தளர்த்தியதோடு சரியாகிவிடுகிறது. பழைய ஹொண்டா இரட்டைச் சிலிண்டர்கள் சிலவற்றில் எஞ்சின் பக்கமும் ஒரு சரிசெய்யும் திருகு இருக்கிறது. அதை முதலில் சரியாக வைத்துவிட்டு, அப்புறம்தான் லீவர் பக்கம் வர வேண்டும்.

வழுக்கவில்லை. ஆனால் கலர் லைட்டில் நிற்கும்போது நியூட்ரல் விழுவதில்லை, லீவரைப் பிடித்திருந்தும் வண்டி முன்னே தவழப் பார்க்கிறது. இதுவும் கிளச்தானா?

ஆம், இது எதிர்ப்பக்கத்து நோய். கிளச் முழுதாக விடவில்லை. காரணங்கள் நாலைந்து: லீவரில் தளர்வு அதிகமாக இருப்பது, ஸ்டீல் பிளேட் வளைந்திருப்பது, கிளச்சின் வெளிக்கூட்டில் பள்ளம் விழுந்திருப்பது, ஒயில் பழுதாகியோ கனமாகியோ இருப்பது, கேபிள் இழுபட்டு நீண்டிருப்பது.

ஏன் இவ்வளவு சின்ன விஷயங்களெல்லாம் பெரிதாகின்றன என்று விளங்கிக்கொள்வது நல்லது. லீவரை முழுதாகப் பிடிக்கும்போது பிரஷர் பிளேட் ஒன்றரை மில்லிமீற்றர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஐந்து ஃபைபர் பிளேட் இருந்தால் உராயும் பரப்புகள் பத்து. அந்த ஒன்றரை மில்லிமீற்றரைப் பத்தாகப் பங்கிட்டால் ஒவ்வொரு பரப்புக்கும் கிடைப்பது 0.15 மில்லிமீற்றர் இடைவெளி மட்டும். இந்தக் கணக்கில் ஒரேயொரு ஸ்டீல் பிளேட் 0.2 மில்லிமீற்றர் வளைந்திருந்தாலும் அது பக்கத்துப் பிளேட்டை விடாது. கிளச் என்பது பலத்தைப் போலவே மட்டத்தின் விவகாரமும்தான். இதை நம் ஊரில் போதிய அளவு யாரும் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம்.

மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியில் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் உண்டு. எஞ்சினை நிறுத்தி, கியரில் போட்டு, லீவரைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் பெரும்பாலும் விடுபடும்.

ஹெவி ஸ்பிரிங் போட்டால் போதும் என்று கராஜில் சொல்கிறார்கள். சரியா?

மலிவான வழி, வேகமான வழி. அதனால்தான் அதை முதலில் சொல்கிறார்கள். ஆனால் நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன்.

கிளச் எவ்வளவு சுமை தாங்கும் என்பது நாலு காரணிகளின் பெருக்கம்: பிளேட்டின் உராய்வுத் தன்மை, ஸ்பிரிங்கின் அழுத்தம், பிளேட்டின் சராசரி ஆரை, உராயும் பரப்புகளின் எண்ணிக்கை. தேய்ந்து பளபளத்துப் போன பிளேட்டை அப்படியே விட்டுவிட்டு ஸ்பிரிங்கை மட்டும் கடினமாக்கினால், ஒரு காரணியின் குறையை இன்னொன்றின் மேல் ஏற்றுகிறோம். வழுக்குவது நிற்கலாம். ஆனால் மேம்படுத்திய ஸ்பிரிங்குகள் வழக்கமாக 10 முதல் 15 சதவீதம் கடினமானவை. அந்தக் கனம் முழுதும் உங்கள் இடது கைக்கு வரும். வெள்ளிக்கிழமை மாலையில் பம்பலப்பிட்டியில் நின்று நின்று நகரும்போது அந்த 15 சதவீதம் என்னவென்று விரல்கள் சொல்லும். உணவு டெலிவரி செய்கிற பிள்ளைகளுக்கு இதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். நாள் முழுக்க லீவர் பிடிக்கிற கைக்கு மணிக்கட்டு வலி சும்மா வருவதில்லை.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது. பழைய ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்து இறுக்குவது. தயவுசெய்து வேண்டாம். ஸ்பிரிங் முழுதாக நசுங்கி, சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் பிரஷர் பிளேட் நகர இடமே இருக்காது. கிளச் விடாது, கேபிள் அறும், எஞ்சின் பக்கத்தில் கேபிள் இழுக்கும் சிறு உலோகக் கை வளையும்.

ஸ்பிரிங்கை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 30 வருடம் சூட்டிலும் ஒயிலிலும் கிடந்த ஸ்பிரிங் குட்டையாகியிருக்கும். வேர்னியரால் நீளத்தை அளந்து கையேட்டிலுள்ள எல்லையோடு ஒப்பிடுங்கள். குட்டையென்றால் முழுச் செட்டையும் ஒரிஜினல் அளவுக்கே மாற்றுங்கள். ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால் பிரஷர் பிளேட் சரிந்து எழும்பும்.

அப்படியென்றால் எதை முதலில் மாற்றுவது?

ஃபைபர் பிளேட். சின்ன ஜப்பானிய எஞ்சின்களில் புதுப் பிளேட்டின் தடிப்பு பெரும்பாலும் 3 மில்லிமீற்றரை ஒட்டியே இருக்கும். தேய்மான எல்லை மாதிரிக்கு மாதிரி மாறும், கையேட்டைப் பாருங்கள். தடிப்பு சரியாக இருந்தும் மேற்பரப்பு கண்ணாடி மாதிரிப் பளபளத்து, கருகிய மணம் வந்தால் அதுவும் முடிந்த பிளேட்தான். மணல் காகிதத்தால் தேய்த்துத் திருப்பிப் போடுவது சில வாரத்துக்குத்தான் நிற்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய கடைகளில் பல பத்தாண்டுகளாகப் பெட்டி திறக்காமல் கிடக்கும் ஒரிஜினல் பிளேட் கிடைத்தால் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தக் காலத்து உராய்வுப் பொருட்கள் பலவற்றில் அஸ்பெஸ்டஸ் இருந்தது. அப்படிப்பட்ட பிளேட்டை உலர்ந்த நிலையில் தேய்க்கவோ காற்றடித்துச் சுத்தம் செய்யவோ வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது.

கோர்க், பேப்பர், கெவ்லார்: எது நல்லது?

தினசரி ஓட்டத்துக்குக் கோர்க் அல்லது பேப்பர் வகை. மெதுவாகப் பிடிக்கும், நெரிசலில் ஊர்ந்து போக வசதி. கெவ்லார் என்று விற்கப்படும் அரமிட் நார்ப் பிளேட் சூட்டை நன்றாகத் தாங்கும், நீண்ட நாள் உழைக்கும். ஆனால் பிடிக்கிற இடமும் விதமும் வேறு, கை பழக வேண்டும். இ.பி.சி. நிறுவனத்தின் சி.கே. வரிசை கோர்க் வகை, எஸ்.ஆர்.கே. வரிசை அரமிட் வகை. உலோகத்தூளை அழுத்திச் செய்த பிளேட்டுகள் பந்தயத்துக்கானவை. அவை மற்ற பாகங்களையும் தின்றுவிடும், 125 சி.சி. வண்டிக்கு வேண்டாம்.

ஹொண்டாக்காரருக்கு ஒரு குறிப்பு: ஹொண்டாவுக்குத் தொழிற்சாலையிலேயே கிளச் செய்து கொடுத்து வரும் நிறுவனங்களில் எஃப்.சி.சி. முக்கியமானது. உங்கள் மாதிரிக்கு அதன் உண்மையான செட் கிடைத்தால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் எப்படி வாங்குவது?

பழைய பிளேட்டைக் கையோடு கொண்டு போங்கள். மாதிரிப் பெயரைச் சொல்லிக் கேட்டால், கிட்டத்தட்டப் பொருந்துகிற ஏதோ ஒன்று கைக்கு வரும். ஒரே பெயரில் வெவ்வேறு ஆண்டுகளில் வந்த எஞ்சின்களுக்கு வெவ்வேறு பிளேட் இருக்கலாம். வெளி விட்டம், உள் விட்டம், தடிப்பு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளின் எண்ணிக்கையும் அகலமும், இந்த ஐந்தும் பொருந்த வேண்டும். வேர்னியரையும் பையில் போட்டுக்கொண்டு போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடைக்காரரும் அதைப் பார்த்தால் சரியான பெட்டியைத் தேடுவார்.

காதின் அகலத்தை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. காது ஒடுங்கியதாக இருந்தால் வெளிக்கூட்டின் விரல்களுக்கு இடையே ஆடி ஆடி அடிக்கும். புதுப் பிளேட் போட்டும் சத்தம் கூடியிருக்கிறது என்று பிறகு குழம்புவீர்கள். ஜப்பானிலிருந்து வந்த ரிகண்டிஷன் எஞ்சினைக் கழற்றி விற்பவர்களிடம் வெளிக்கூடு, ஹப் மாதிரியான பாகங்களை வாங்கலாம், அவை பெரும்பாலும் தரமானவை. ஆனால் ஃபைபர் பிளேட்டைப் பாவித்ததாக வாங்காதீர்கள். மிச்சப்படும் காசை விடக் கவரைத் திரும்பத் திறக்கும் கூலி அதிகம்.

ஸ்டீல் பிளேட்டையும் மாற்ற வேண்டுமா?

அளந்து பார்த்து முடிவெடுங்கள். தடித்த கண்ணாடித் தகட்டின் மேல் ஒவ்வொன்றாக வைத்து, அடியில் பீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழையுங்கள். சின்ன ஹொண்டாக் கையேடுகள் பலவற்றில் வளைவின் எல்லை 0.20 மில்லிமீற்றர். நீலம் பாய்ந்த வட்டங்கள் தெரிந்தால் அந்தப் பிளேட் கடும் சூடு கண்டிருக்கிறது. மட்டமாக இருந்தாலும் நான் மாற்றிவிடுவேன்.

வெளிக்கூட்டில் பள்ளம் விழுந்திருக்கிறதாம். அதை என்ன செய்வது?

ஃபைபர் பிளேட்டின் காதுகள் வருடக்கணக்காக அடித்து அடித்து, அலுமினிய விரல்களில் பல் பல்லாகப் பள்ளம் போடும். லீவரை விடும்போது காதுகள் அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு, தாவித் தாவி வரும். வண்டி கிளம்பும்போது உதறுவதற்கு இது பெரிய காரணம். எவ்வளவு விலையுயர்ந்த பிளேட் செட் போட்டாலும் இந்த உதறல் போகாது. கொழும்பில் "புது கிளச் போட்டும் சரியில்லை" என்கிறவர்களின் வண்டியைத் திறந்தால் அடிக்கடி கண்ணில் படுவது இதுதான்.

பள்ளம் மேலோட்டமாக, நகம் மாட்டுகிற அளவில் மட்டும் இருந்தால் மெல்லிய அரத்தால் சமப்படுத்தலாம். எல்லா விரலிலும் ஒரே அளவு, நேராக. அரை மில்லிமீற்றரைத் தாண்டிவிட்டால் அரத்தைக் கீழே வைத்துவிட்டு வேறு வெளிக்கூடு தேடுவது நல்லது. அதிகம் அராவினால் இடைவெளி கூடி, காதுகள் இன்னும் வேகமாக அடிக்கும். கூட்டின் பின்புறம் அதிர்வு தாங்கும் ஸ்பிரிங்கோ ரப்பரோ இருக்கும். பெரிய பல்சில்லைக் கையால் பிடித்து முறுக்கிப் பாருங்கள், தளதளவென்று ஆடினால் அதுவும் போய்விட்டது.

ஒயில் எது போடலாம்?

ஈரக் கிளச் எஞ்சின் ஒயிலிலேயே மூழ்கியிருப்பது. ஆகவே போத்தலில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்க வேண்டும். ஜப்பானின் வாகனத் தர அமைப்பு ஈரக் கிளச்சுகளுக்காகவே வகுத்த தரம் இது. எம்.பி. என்று இருந்தால் அது உராய்வு குறைந்த ஒயில், ஸ்கூட்டர்களுக்குரியது. காருக்கு என்று விற்கப்படும், எரிபொருள் சேமிப்பு முத்திரை உள்ள ஒயில்களிலும் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் இருக்கலாம். கிளச்சுக்கு வேண்டியது அந்த உராய்வுதானே. ஒயில் மாற்றிய அடுத்த வாரமே வழுக்கத் தொடங்கினால், வேறு எதையும் தொடாமல் முதலில் ஒயிலைத் திரும்ப மாற்றிப் பாருங்கள்.

ஆர்.எக்ஸ். 100 மாதிரி டூ-ஸ்ட்ரோக் வண்டியில் கியர் பெட்டிக்குத் தனி ஒயில். கிளச் இருப்பது அதில்தான். பெற்றோலோடு கலக்கிற டூ-டி ஒயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பல பேர் இந்தக் கியர் ஒயிலை மறந்தே போகிறார்கள்.

லீவர் கல் மாதிரி இருக்கிறது. மென்மையாக்க என்ன வழி?

கேபிள். மரைன் டிரைவுக்கும் காலி வீதிக்கும் நடுவில் வண்டி நிறுத்துகிறவர்களுக்குக் கடல் காற்றின் உப்பு, மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவ மழை, இரண்டும் சேர்ந்து கேபிளை உள்ளுக்குள் துருவேற்றுகின்றன. வெளியே பார்த்தால் நன்றாகவே இருக்கும். கழற்றி, இரண்டு முனையையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். சொரசொரப்பாக வந்தால் புதிது வாங்குங்கள். புதுக் கேபிளைக் கூர்மையாக வளைக்காமல், ஒரிஜினல் பாதையிலேயே கொண்டுபோக வேண்டும். ஹேண்டில் பாரை மாற்றியவர்களுக்கு இது முக்கியம்.

எஞ்சின் பக்கத்தில் கேபிள் இழுக்கும் கையை நீளமாக்கினால் லீவர் இலேசாகும் என்பதும் உண்மைதான். ஆனால் அதே விகிதத்தில் பிரஷர் பிளேட் நகரும் தூரம் குறையும். மேலே சொன்ன 0.15 மில்லிமீற்றர் கணக்கை நினைத்துப் பாருங்கள். இலேசான லீவரும் விழாத நியூட்ரலும் சேர்ந்து வரும்.

வீட்டிலேயே செய்யலாமா?

பொறுமை இருந்தால் செய்யலாம். ஒயிலை வடியுங்கள். கவரின் திருகுகளுக்கு நீளங்கள் வேறுபடும், ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து அதே இடத்தில் குத்தி வையுங்கள். ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்காகக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். பிளேட்டுகள் எந்த வரிசையில், எந்த முகம் வெளியே பார்த்து இருந்தன என்று படம் எடுங்கள்.

பிளேட் மட்டும் மாற்றுவதென்றால் பெரும்பாலான வண்டிகளில் நடு நட்டைத் தொடவே தேவையில்லை. வெளிக்கூட்டையும் எடுக்க வேண்டுமென்றால், பல ஹொண்டாக்களில் நாலு வெட்டுள்ள வட்ட நட்டு இருக்கும், சில பழைய மாதிரிகளில் சேர்க்ளிப் (வளையக் கிளிப்). அந்த வட்ட நட்டை உளியும் சுத்தியலும் வைத்து அடித்துக் கழற்றுவது நம் கராஜ்களில் சர்வ சாதாரணம். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற பழக்கம். ஒவ்வோர் அடியும் தண்டின் முனையிலுள்ள பேரிங்குக்குப் போகிறது. அதற்குரிய சொக்கட் விலை குறைந்த சாமான், லேத் பட்டறையில் பழைய சொக்கட்டை வெட்டியும் செய்துகொள்ளலாம்.

புது ஃபைபர் பிளேட்டை எஞ்சின் ஒயிலில் ஊற வைக்காமல் பூட்டக் கூடாது. முதல் நாள் இரவே போட்டு வைத்துவிடுங்கள். உலர்ந்த பிளேட் தொடக்கத்திலேயே கருகிவிடலாம். திரும்பப் பூட்டும்போது 6 மில்லிமீற்றர் ஸ்பிரிங் போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீற்றர் அளவே போதும், கையேடு சொல்வதைத் தாண்டாதீர்கள். ஹப்பின் அலுமினியத் தூண் உடைந்தால் அது தனிச் செலவு.

கவர் திறந்திருக்கும்போதே இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். சி.ஜி. 125 உட்படப் பல பழைய ஹொண்டாக்களில் கிராங்கின் முனையில் சுழலும் ஒயில் வடி இருக்கிறது. அதன் மூடியைத் திறந்தால் உள்ளே கறுப்புக் களி படிந்திருக்கும். வழித்துத் துடைத்துவிடுங்கள். கேஸ்கட்டுக்குப் பதிலாகச் சிலிக்கனை அள்ளிப் பூச வேண்டாம், பிதுங்கி உள்ளே போனது ஒயில் வழியை அடைக்கும். வடித்த ஒயிலை மூடியுள்ள கேனில் ஊற்றிச் சேகரிக்கும் கராஜில் கொடுங்கள். வெள்ளவத்தைக் கால்வாய் ஏற்கெனவே போதிய அளவு கறுத்திருக்கிறது.

எம்.டி. 90, சி 90 மாதிரி லீவர் இல்லாத வண்டிகளுக்கு?

அங்கே கிளச் வேகத்தால் தானாகப் பிடிக்கும், கியர் மிதியை அழுத்தும்போது விடும். சி 50, சி 70, சி 90 வகையில் வலது கவரில் ஒரு திருகும் அதைப் பூட்டும் நட்டும் இருக்கும். நட்டைத் தளர்த்தி, திருகை வலஞ்சுழியாக ஒரு சுற்று திருப்பி, பிறகு மெதுவாக இடஞ்சுழியாகத் திருப்பி வாருங்கள். இலேசான தடை தெரிந்ததும் நிறுத்தி, எட்டில் ஒரு சுற்று வலஞ்சுழியாகத் திருப்பி நட்டைப் பூட்டுங்கள். இதைச் சரியாகச் செய்தாலே கியர் மாற்றும்போது வரும் குலுக்கல் பல வண்டிகளில் பாதியாகும்.

ஹொண்டா சாலி என்ற குட்டி வண்டிக்கு நாலு கியர் கைக் கிளச் எஞ்சினை ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஓட்டச் சுகம்தான். ஆனால் எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருப்பது. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதிய வேண்டும். வெறும் கிளச் பாகங்களை மாற்றுவதற்கு அந்தத் தேவை இல்லை.

எஞ்சினின் சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி (போர் அடித்து) பெரிய பிஸ்டன் போட்டிருக்கிறேன். எனக்கும் பழைய அளவு போதுமா?

உங்களுக்குத்தான் உண்மையான மேம்பாடு தேவைப்படலாம். ஐந்து ஃபைபர் பிளேட்டை ஆறாக்கினால், லீவர் கனம் கூடாமலே 20 சதவீதம் தாங்குதிறன் கிடைக்கும், ஏனென்றால் பரப்புகள் பத்திலிருந்து பன்னிரண்டாகின்றன. ஆனால் அடுக்கின் மொத்தத் தடிப்பு மாறக் கூடாது. அதற்கேற்ற மெல்லிய ஸ்டீல் பிளேட்டோ, அதே எஞ்சின் குடும்பத்தில் ஒரு பிளேட் கூடுதலாக உள்ள முழுக் கிளச்சோ கிடைத்தால் மட்டும் செய்யுங்கள். கிடைக்காவிட்டால் அப்போது 10 சதவீதக் கடின ஸ்பிரிங், நல்ல புதுக் கேபிளோடு.

முன் ஸ்புரொக்கட்டையும் மறக்க வேண்டாம். அதிக வேகத்துக்காகப் பல்லைக் கூட்டியவர்கள் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கிளச்சை அதிக நேரம் வழுக்க வைக்கிறார்கள். 15 பல்லை 14 ஆக்கினால் கிளச்சின் சுமை ஏறத்தாழ 7 சதவீதம் குறையும். நகரத்துக்குள் ஓட்டுகிறவருக்கும் இரண்டு பேரோடு கடுகண்ணாவை மலைப்பாதை ஏறுகிறவருக்கும் இது மலிவான நிவாரணம்.

ஸ்லிப்பர் கிளச் (கியர் குறைக்கும்போது தானாகக் கொஞ்சம் வழுக்கிக் கொடுப்பது), ஹைட்ரோலிக் லீவர் (கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தில் இயங்குவது) போடலாமா?

125 சி.சி. வண்டிக்கு வேண்டாம். அந்தக் காசுக்கு இரண்டு நல்ல டயர் போடலாம்.

மாற்றிய பிறகு எப்படி ஓட்டுவது?

முதல் சில நூறு கிலோமீற்றருக்கு முழு த்ரொட்டிலில் கிளம்புவதையும் நெரிசலில் பாதிக் கிளச்சில் தொங்கிக்கொண்டு ஊர்வதையும் தவிருங்கள். பிளேட் படியும்போது லீவர் தளர்வு மாறும். முதல் வாரத்தில் ஓரிரு தடவை, எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்த்துச் சரிசெய்யுங்கள். ஆயிரம் கிலோமீற்றருக்குள் ஒயிலை மாற்றிவிடுங்கள், படிந்த பிளேட்டின் துகள்கள் அதோடு வெளியே போகும்.